பின்வாங்கிய பந்துக்கு ஒரு புள்ளி

கதையைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்குத் தலை சுற்றிவிட்டது.

டெக்சாஸில், ப்ளேனோவில், ஒரே குடியிருப்பில் எங்கள் ஆட்கள் பத்து வீடு. அமெரிக்கர்கள் முட்டி மோதி விளையாடுகிறார்களே ஒரு கால்பந்து, அதை வைத்து வருஷா வருஷம் ஒரு பந்தயம் நடக்கும். சீசன் தொடங்குமுன் ஆட்டக்காரர்களைத் தரம் பார்த்து வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் அவரவர் வரிசைப்படி ஆள் பிரித்து அணி ஆக்கிவிடும். அப்புறம் வாரா வாரம் யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று பார்த்துக்கொண்டால் போதும். மைதானத்தில் அவர்கள் செய்வதற்கு நமக்குப் புள்ளி. ஓடிய தூரத்துக்குப் புள்ளி உண்டு. எங்கள் பந்தயத்தில் பந்தைக் கையில் பிடித்தாலே முழுசாக ஒரு புள்ளி, பிடித்த இடத்திலேயே விழுந்தாலும் சரி.

எனக்கு இந்த ஆட்டத்தில் அ, ஆ தெரியாது. "அதனாலதான் அண்ணாச்சி நீங்க தலைவர், உங்களுக்கு ஓரவஞ்சனை வராது" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். போன வருஷம் சிலர் இணையத்தில் கிடைக்கிற வரிசையைச் சுட்டுப் போட்டு ஒரே ரகளை. ஆகவே இந்த வருஷம் எல்லோரும் ஒப்புக்கொண்ட முதல் விதி: சொந்தமாக வரிசை போட்டவர் யாரோ, அவர்தான் அணிக்காரர். பரிசு, பத்து வீட்டாரும் விமானத்தில் பறந்து சேர்த்த இலவச மைல்களை ஒன்றாகப் போட்டு, பொங்கலுக்கு ஒரே ஒருவர் ஊருக்குப் போய்வர டிக்கெட்.

புகழேந்திரனுக்கு அப்போது ஆபீஸ் வேலை கழுத்தை நெரித்தது. மனைவி மலர்க்கொடியிடம், "எல்லா மேட்சும் நீதான பாக்குற, நீயே வரிசையைப் போடு. ஜெயிச்சா டிக்கெட் ஒனக்கு" என்றான். விளையாட்டாகச் சொன்னானோ என்னவோ, அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். சங்கரன்கோவிலில் அவள் அப்பாவுக்கு ஞாபகம் தேய்ந்துகொண்டே வருகிறது. போனில் இன்னும் "மலரு" என்று கூப்பிடுகிறார். அடுத்த பொங்கலுக்கு அந்தப் பேர் அவர் வாயில் இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

அவள் போட்ட வரிசையில் பெரிய தலைகளெல்லாம் கீழே கிடந்தன. நாலடி ஓடினாலே அதிகம் என்கிற பென்டன் என்ற பொடியன் மேலே உட்கார்ந்திருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். "வரிசை என் வீட்டுக்காரி போட்டது, என்னைத் திட்டாதீங்கப்பா" என்று புகழேந்திரன் கையைத் தூக்கிவிட்டான்.

"ஓடுறானா ஓடலையாங்கிறது நமக்கு எதுக்கு அண்ணாச்சி? பந்து அவன் கைக்குத்தான வருது?" என்றாள் அவள். அணி ஜெயித்துக்கொண்டே வர, நவம்பருக்குள் சிரித்த வாயெல்லாம் அடைத்துப்போயிற்று.

டிசம்பரில் மதுரையிலிருந்து இடி வந்தது. புகழேந்திரனின் அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன், தை மாதம் தேதி கொடுத்துவிட்டார்கள். "ஒத்தப் பிள்ளை வராம நான் படுக்க மாட்டேன்" என்று அந்த அம்மாள் ஒரே அடம். கையிருப்பையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று. பொங்கல் நேரத்தில் இன்னொரு டிக்கெட் என்பது நடக்கிற காரியம் இல்லை. கொடுத்த வாக்கைப் பற்றி வீட்டில் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

இறுதிச் சுற்றில் எதிரே ராயப்பன். அவனும் பாவம்தான், தூத்துக்குடியில் பிறந்த மகளைப் போனில் மட்டுமே பார்த்தவன். அதுவரை அவள் வரிசையில் வந்த ஆட்களை ஒரு வாரமும் மாற்றாத புகழேந்திரனுக்கு அன்று காலை பயம் பிடித்து, பென்டனை உட்கார வைத்துவிட்டுப் பெரிய ஆட்டக்காரன் ஒருவனை இறக்கினான். ஆட்டம் தொடங்குமுன் லேப்டாப்பைத் திறந்த மலர்க்கொடி, சத்தம் காட்டாமல் பென்டனையே மறுபடி இறக்கிவிட்டாள்.

கடைசி நிமிஷம். பென்டன் பந்தைப் பிடித்தான். பிடித்ததும் இரண்டு தடியர்கள் மேலே விழ, ஓரடி பின்னால் போய் விழுந்தான். பின்வாங்கியதற்குத் துளி கழிவு, பிடித்ததற்கு ஒரு புள்ளி. அரைப் புள்ளியில் ராயப்பன் தோற்றான்.

"ஏலே, அந்தப் பொடியனை நம்பி எப்படில இறக்குன?" என்றான் ராயப்பன்.

"நான் அவனைத் தூக்கிட்டேனேப்பா!" என்று புகழேந்திரன் விழித்தான்.

"நான்தான் மாத்துனேன்" என்றாள் மலர்க்கொடி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எங்கள் இரண்டாம் விதி அப்படி: அணிக்காரர் தவிர வேறு கை பட்டு ஆட்டத்துக்கு ஆள் மாறி இறங்கினால் அணி அவுட், பரிசு அடுத்தவருக்கு.

"கேக்கவே சங்கடமா இருக்கு அண்ணாச்சி. ஆனா வேற கை பட்டுட்டு. டிக்கெட் எனக்குத்தான்" என்றான் ராயப்பன்.

"அணி என் பேர்ல இருக்கு. அங்க அம்மா..." என்றான் புகழேந்திரன்.

"எனக்கு வாக்குக் குடுத்தாக" என்றாள் மலர்க்கொடி.

மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். பாவம் பார்த்துக் கொடுப்பதென்றால் டிக்கெட்டை மூன்றாகக் கிழிக்க வேண்டும். நீங்கள் சொல்லுங்கள், விதிப்படி அந்த டிக்கெட் யாருக்கு?

விடை: மலர்க்கொடிக்கு. வரிசை போட்டவர்தான் அணிக்காரர் என்றால், முதல் நாளிலிருந்தே அது அவள் அணி. வேறு கை என்பது புகழேந்திரனின் கை. அவன் செய்த மாற்றத்தை ஆட்டத்துக்கு முன்பே அவள் அழித்துவிட்டதால் அவன் போட்ட ஆள் இறங்கவே இல்லை. இதைச் சொல்லிவிட்டு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். பயணியின் பெயர் கேட்கிற கட்டம் காலியாக இருந்தது. அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன், "போடு மலரு" என்றான். அவள் தன் பெயரைத்தான் போட்டாள். போட்டுவிட்டு மதுரைக்குப் போன் செய்து, "அத்தே, அவுக வரல, நான்தான் வாரேன்" என்று சொல்லும்போதே உடைந்து அழுதாள். தீர்ப்பு சரிதான், எத்தனை தடவை பார்த்தாலும் சரிதான், ஆனால் அந்த வீட்டில் ஒருவருக்கும் அது நிம்மதி தரவில்லை.