ஒளித்து வைத்த பாம்புச் சட்டை

பாசிக்குளத்துக் கரையில் மூன்று நாளாக ஒரே பனிமூட்டம். நட்டநடுப் பகலில்கூட எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. தவளைகள்கூட வாயை மூடிக்கொண்டன.

அந்தக் கரையில் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் நான்கு பேர் தினமும் கூடி ‘கள்ளன் யார்?’ விளையாடுவார்கள். நெட்டைக்காதன் என்ற முயல், அவன் தங்கை தும்பை, முள்ளக்கா என்ற முள்ளம்பன்றி, பொறுமையார் என்ற ஆமை.

விளையாட்டு இதுதான். வரும் வழியில் கண்ணில் படும் விசித்திரமான பொருள் ஒன்றை ஒவ்வொருவரும் எடுத்துவர வேண்டும். அதுதான் துப்பு. எல்லாவற்றையும் பாறையில் பரப்பி, காட்டில் என்ன நடந்தது, யார் செய்தது என்று சேர்ந்து யோசிக்க வேண்டும். பாறையில் வரிசையாக ஒன்பது குழிகள் உண்டு; ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கருங்கல் ஒரு குழி நகரும். ஒன்பதாம் குழிக்குள் கள்ளனைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வெற்றி. இல்லையென்றால் எல்லோருக்கும் தோல்வி.

இந்த ‘எல்லோருக்கும்’ என்பதுதான் நெட்டைக்காதனுக்குப் பிடிக்கவில்லை. “மூளையைக் கசக்குறது நான், பேரு மட்டும் எல்லாருக்குமா?” என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். பேராசை பிடித்த பயல்!

அன்றைக்கு வழியில் அவனுக்குப் பெரிய துப்பு ஒன்று சிக்கியது. மலைப்பாம்பு உரித்துப் போட்ட சட்டை! அவன் உடம்பைவிட அகலம். ஈரம்கூடக் காயவில்லை. அவனுக்கு முதுகு சிலிர்த்தது. ஆனாலும் ஒரு துண்டைக் கிழித்துக் கவ்விக்கொண்டான்.

பாறைக்கு வந்ததும் அதை வயிற்றுக்கு அடியில் மறைத்து உட்கார்ந்தான். பொதுவில் ஒரு புளியங்கொட்டையை வைத்தான். ‘எட்டாம் குழி வரைக்கும் இவங்க திண்டாடட்டும். கடைசிக் குழியில நான் எடுத்துப் போடுறேன். அப்புறம் பாரு, காடே என் பேரைச் சொல்லும்!’

“புளியங்கொட்டையா? நல்லாத்தான் தேடினே போ!” என்று முள்ளக்கா கேலி செய்தாள். அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

தும்பை ஒரு கவுதாரி முட்டையை வைத்தாள். “ஆறிப் போயிருக்கு. தாயைக் காணோம்.”

முள்ளக்கா நான்கு இறகுகளை வைத்தாள். “ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை.”

பொறுமையார் காலடி பதிந்த களிமண் கட்டியை வைத்தார். “சருகுமான் குளத்துக்கு வந்திருக்கு. அஞ்சு அடி வெச்சிருக்கு. ஆறாவது அடி இல்லை. திரும்பிப் போன தடமும் இல்லை.”

யாரும் சிரிக்கவில்லை.

“இன்னைக்கு இது விளையாட்டு மாதிரியே தெரியலையே” என்றாள் தும்பை மெல்ல.

கல் நகர்ந்தது. நரியா? நரி என்றால் ரத்தம் சிந்தியிருக்கும். சிறுத்தையா? அதன் தடம் இருந்திருக்கும். ஏழாம் குழி. எட்டாம் குழி.

“கீழே யார் தடமும் இல்லைன்னா, மேலேருந்துதான் வந்திருக்கணும். கழுகு!” என்றார் பொறுமையார்.

“ஐயோ! இந்தப் பனியில அது எப்போ இறங்கும்னே தெரியாதே!” என்று முள்ளக்கா பதறினாள். “பாறைக்கு அடியில பொந்து இருக்கு. எல்லாரும் உள்ளே போயிடுவோம். தும்பை, நீ முதல்ல ஓடு!”

நெட்டைக்காதன் வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டான். இன்னும் ஒரு குழி பாக்கி இருந்தது. ‘சட்டை உரிச்ச பாம்பு இந்நேரம் எங்கேயோ போயிருக்கும்’ என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

தும்பையின் வெள்ளை வால் பொந்துக்குள் மறைந்தது.

“அண்ணா!” குரல் பாறைக்கு அடியிலிருந்து வந்தது. “ஒரே இருட்டு. சுவர் சில்லுன்னு, வழுவழுன்னு இருக்கு.”

“பயப்படாதே, அதுல சாய்ஞ்சு உட்காரு!” என்றாள் முள்ளக்கா.

“சாய்ஞ்சுதான் இருக்கேன். ஆனா... அண்ணா, சுவர் மூச்சு விடுது.”

பேராவது, புகழாவது! நெட்டைக்காதன் சட்டையை உருவிப் பாறைமேல் வீசினான். “மலைப்பாம்பு! தும்பை, வெளியே வா! ஓடி வா!”

“அடப்பாவி! இதை வெச்சுக்கிட்டா உட்கார்ந்திருந்தே?”

முள்ளக்கா திட்டிக்கொண்டே பாய்ந்தாள். முள்ளையெல்லாம் சிலிர்த்து, பின்பக்கமாகவே பொந்துக்குள் நுழைந்தாள். உள்ளே ‘உஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சீறல். பாறை அதிர்ந்தது. பொறுமையாரின் தலை ஓட்டுக்குள் போய்விட்டது. தும்பை உருண்டு வெளியே வந்து விழுந்தாள். அவளுடைய பின்னங்கால் ஒன்று முறுக்கிக் கிடந்தது. பின்னாலேயே முள்ளக்கா வந்தாள், பாதி முள்ளைப் பறிகொடுத்து. அன்றோடு அந்தப் பாறையை விட்டுவிட்டார்கள்.

தும்பையின் கால் ஓரளவு தேற ஒரு மாதம் ஆனது. வெயில் வந்தது. வேறொரு பாறையில் மறுபடி ஆட்டம் தொடங்கியது. தும்பை அண்ணன் பக்கத்தில் உட்காரவில்லை. நொண்டிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய் முள்ளக்காவை ஒட்டி உட்கார்ந்தாள்.

நெட்டைக்காதன் முதல் ஆளாகத் தன் துப்பை வைத்தான்.

“அவ்வளவுதானா, அண்ணா?” என்று தும்பை கேட்டாள்.

“சத்தியமா அவ்வளவுதான்மா.”

“எழுந்து நில்லு. அடியில பார்க்கணும்.”

அவன் எழுந்து நின்றான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அன்று முதல் இன்று வரை, ஒவ்வொரு ஆட்டத்திலும் அவன் எழுந்து நின்று காட்டிவிட்டுத்தான் உட்காருகிறான்.

எல்லோரும் சேர்ந்து தேடும்போது, தனக்குப் பேர் வரவேண்டும் என்று தெரிந்ததை மறைக்கிறவன், தன்னை நம்பியவர்களை ஆபத்தின் வாயிலேயே கொண்டுபோய் விடுகிறான்.