அச்சில் நிற்காத சக்கரம்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபத்தொன்று. இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. சீடரான நாச்சிமுத்துவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிடுவார். யாருடைய மனமும் கோணக்கூடாது என்பது அவருடைய பிறவிக் குணம்.

கோயம்புத்தூர் கணபதியில் செல்வநாயகிக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு சின்னப் பித்தளை மூடி கடைந்து வாங்கிப் போக வந்தவர்தான் நாச்சிமுத்து. எதற்கு என்று செல்வநாயகி கேட்டார். பூனை நீளத்துக்கு ஒரு ரயில் எஞ்சின் செய்கிறேன், பொம்மை இல்லை, உள்ளே நிஜமாகவே தண்ணீர் கொதித்து நீராவியில் ஓடும் என்றார் வந்தவர். செல்வநாயகி மூடியைக் கடைந்து கொடுத்துவிட்டு, "மத்ததையும் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் நாச்சிமுத்து சீடர். பஞ்சு மில்லில் முப்பது வருடம் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டு ஓய்வு பெற்ற மனிதர், இரும்பு வேலையை அரிச்சுவடியிலிருந்து கற்றார்.

இப்போது எஞ்சின் முடிந்துவிட்டது. ஒரே ஒரு தொல்லைதான். பத்தடி ஓடும். பிறகு நடு அச்சில் ஒரு சக்கரம் பிடி விட்டு, தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். இடது சக்கரத்தில் தண்டு மாட்டும் முளை மேலே நின்றால், வலது சக்கரத்தின் முளை கால் சுற்றுத் தள்ளி முன்னால் நிற்க வேண்டும். அது பிசகினால் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், வண்டி நின்றுவிடும்.

அன்றும் ஒரு சனிக்கிழமை. பிளாஸ்டிக் கூடையில் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு நாச்சிமுத்து வந்தார்.

"ரெண்டு தடவ ஒட்டியாச்சுங்க அம்மிணி. மறுபடியும் கழண்டுக்கிச்சு."

"வெச்சுட்டு டீயைக் குடிங்கண்ணா."

நாச்சிமுத்து டீயைத் தொடவில்லை. அவர் முகத்தில் இருந்த கவலை எஞ்சினைவிடப் பெரியதாக இருந்தது.

"ஒரு கேள்விங்க. எஞ்சினப் பத்தி இல்லீங்க."

"கேளுங்க."

"நான் யாருகிட்டயும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லீங்க. கேட்டவங்களுக்கெல்லாம் ஆகட்டும்னுதான் சொல்லியிருக்கேன். அப்படியிருந்தும் எம் பேச்சை ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்களே, அது ஏனுங்க?"

"இப்ப யாருக்கு ஆகட்டும்னு சொன்னீங்க?"

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. திருப்பூரில் இருக்கும் மகள் மைதிலி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, நீங்கள் இருவரும் இங்கேயே வந்து இருந்துவிடுங்கள் என்றாள். ஆகட்டும் கண்ணு என்றார். மனைவி துளசிமணி, இந்த வீட்டை விட்டு எங்கும் நகர மாட்டேன், திங்கட்கிழமை தையல் வகுப்பு ஆரம்பிக்கிறேன் என்றாள். அதற்கும் ஆகட்டும் என்றார். கூடத்தில் மூன்று தையல் மெஷின்கள் வந்து இறங்கிவிட்டன. நாளை காலை பத்து மணிக்குச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போக மகள் வேனோடு வருகிறாள்.

"அம்மாவும் பொண்ணும் போன்ல பேசிக்க மாட்டாங்களா?"

"பேசுவாங்க. ஆனா, 'இதை நானே பக்குவமா சொல்லிக்கறேன், நீ வாயைத் திறக்காதே'ன்னு ரெண்டு பேருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனுங்க."

செல்வநாயகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் அதை அடக்கவும் இல்லை. சிரித்து முடித்துவிட்டு, "சக்கரத்தைக் கழட்டுங்க" என்றார்.

கேள்விக்கு இதுவா பதில் என்று நாச்சிமுத்துவுக்கு மனசு சுருங்கியது. இருந்தாலும் கழற்றினார். அச்சை உப்புத்தாளால் தேய்த்தார். பனியன் வேஸ்ட் துணியைத் தின்னரில் நனைத்து வழவழப்பெல்லாம் போகத் துடைத்தார். பிறகு பசைக் குப்பியை எடுக்கப் போனார்.

"அது எதுக்குங்ணா?"

"எதுங்க?"

"எண்ணெய்."

நாச்சிமுத்து தன் இடது கையைப் பார்த்தார். மில் நாட்களிலிருந்து சட்டைப் பையிலேயே இருக்கும் எண்ணெய்க் குப்பி இப்போது கையில் இருந்தது. அச்சின் முனையில் ஒரு சொட்டு பளபளத்தது. குப்பி எப்போது கைக்கு வந்தது என்பது அவருக்கே தெரியவில்லை.

"சுளுவா உள்ள போகட்டும்னுங்க. இரும்பும் இரும்பும் உரசுனா மனசு கேக்க மாட்டேங்குது."

"முன்னாடி ரெண்டு தடவையும் விட்டீங்களா?"

"விட்டிருப்பேனுங்க. பழக்க தோஷம்."

"சுளுவா உள்ள போச்சா?"

"நல்லாப் போச்சுங்க."

"அதே மாதிரி சுளுவா கழண்டுக்கிச்சு."

செல்வநாயகி தின்னர் டப்பாவை நாச்சிமுத்துவின் பக்கம் நகர்த்தினார். அவர் துடைத்தார். இன்னொரு தரம் என்றார் குரு. துடைத்தார். சக்கரத்தின் ஓட்டைக்குள்ளும் துணியை விட்டுத் துடைக்கச் சொன்னார். அதையும் செய்தார். கடைசியில் அச்சைக் கையில் எடுத்தபோது அது காய்ந்து வறவறவென்று இருந்தது. முப்பது வருடத்தில் இப்படி ஓர் இரும்பை அவர் தொட்டதே இல்லை.

"கை கூசுதுங்க அம்மிணி."

"கூசட்டும். இப்ப பசையைப் போடுங்க. ரெண்டு நிமிஷத்துல இறுகிரும். அதுக்குள்ள முளை எங்க நிக்கணுமோ அங்க நிறுத்திரணும். அப்புறம் மாத்த முடியாது."

"கொஞ்சம் முன்னப் பின்ன ஆயிருச்சுன்னா?"

"அறுத்துத்தான் எடுக்கணும்."

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரே ஒரு சொட்டு ஓரமா விட்டு வெச்சா, பின்னாடி தேவைப்பட்டா திருப்பிக்கலாமில்லீங்களா?"

செல்வநாயகி கையை நீட்டினார். நாச்சிமுத்து எண்ணெய்க் குப்பியை அந்தக் கையில் வைத்தார். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வரும் தகப்பனுக்கு அப்படித்தான் முகம் இருக்கும்.

பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை அச்சில் ஏற்றினார். உரசிக்கொண்டுதான் உள்ளே போனது. இடது முளை மேலே, வலது முளை முன்னால். ஒரு முறை பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார், போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையை அசைக்காமல் உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் அவருக்கு இரண்டு ஷிப்ட் மாதிரி இருந்தது.

"விடுங்க. இப்பத் திருப்பிப் பாருங்க."

திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். சக்கரம் கல் மாதிரி நின்றது. நாச்சிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"நான் கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லலீங்களே?"

"இது நாளைக்கு வரைக்கும் காயட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க. இன்னும் வெளிச்சம் இருக்குது."

"குப்பிங்க?"

"இங்கயே இருக்கட்டும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நாச்சிமுத்து வந்தார். பட்டறைக்குப் பின்னால் வட்டமாகப் போட்டிருந்த சின்னத் தண்டவாளத்தில் எஞ்சினை நிறுத்தினார்கள். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்ததும் தண்ணீர் முணுமுணுத்தது, அப்புறம் சீறியது. நாச்சிமுத்து வால்வைத் திறந்தார்.

பத்தடி போனது. நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்கண்ணா, ரெண்டாவது சுத்து."

தண்ணீர் தீரும் வரை ஓடியது. மறுபடி ஊற்றினார்கள், மறுபடி ஓடியது. பதினேழு சுற்று எண்ணினார் அந்த அறுபத்தொரு வயது மனிதர், ஒவ்வொன்றுக்கும் கை தட்டி.

எஞ்சின் ஆறிக்கொண்டிருந்தபோது செல்வநாயகி கேட்டார்: "வேன் வந்துச்சுங்களா?"

"வரலீங்க. நேத்தே மைதிலிக்குப் போன் பண்ணிட்டேன். 'வர முடியாது கண்ணு, வர்றேன்னு சொன்னது எந் தப்பு'ன்னேன். அழுதுட்டு போனை வெச்சுட்டா. அரை மணி நேரம் கழிச்சு அவளே கூப்பிட்டு, 'வாரத்துல ரெண்டு நாளாவது வருவீங்களாப்பா'ன்னு கேட்டா. வாய் வரைக்கும் ஆகட்டும் வந்துருச்சுங்க. முழுங்கிட்டு, 'ரெண்டு நாள் முடியாது, செவ்வாய்க்கிழமை மட்டும் வர்றேன்'னேன்."

"வீட்ல?"

"துளசிகிட்ட, மகளுக்கு ஆகட்டும்னதையும் அப்புறம் முடியாதுன்னதையும் சொன்னேனுங்க. வீடே அதிர்ற மாதிரி திட்டினா. கல்யாணமான நாள்லயிருந்து எதுக்கெல்லாம் ஆகட்டும்னு சொன்னேனோ, அத்தனையும் ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டா. கடைசியா, 'இனிமே நீங்க சொல்றதுல ஒரு வார்த்தை நம்ப மாட்டேன்'னுட்டாளுங்க."

சந்தோஷத்தின் நடுவிலும் அந்தச் சொல் அவருக்கு வலித்தது.

அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்துவின் போன் அடித்தது. ஊம் கொட்டினார், சரி என்றார், வைத்தார். வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருங்ணா?"

"துளசிங்க. கிளம்பறப்ப எத்தன மணிக்கு வருவீங்கன்னு கேட்டா. ஏழு மணின்னு சொல்லிட்டு வந்தேன். இப்ப உலை வெச்சுட்டாளாம்."

"அதுக்கென்ன?"

"முப்பத்தஞ்சு வருஷத்துல நான் சொன்ன மணிய நம்பி அவ ஒரு நாளும் உலை வெச்சதில்லீங்க. நான் வந்து வாசல்ல செருப்பைக் கழட்டினதுக்கு அப்புறம்தான் அரிசியே களைவா. நேத்து அந்தத் திட்டு திட்டிட்டு, நம்ப மாட்டேன்னும் சொல்லிட்டு, இன்னைக்கு ஏழு மணிக்குச் சோறு வடிக்கறான்னா, இதுக்கு என்னங்க அம்மிணி அர்த்தம்?"

செல்வநாயகி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ஆறே முக்காலாச்சுங்ணா, கிளம்புங்க."