தோச சாயா

அன்று அந்தக் கடற்கரைத் தைக்காவில் இருந்தவர்கள் நான்கு பேர். ஞானவழி சொல்லிக்கொடுக்கும் உஸ்தாது நூகு லெப்பை ஒருவர். மலபாரிலிருந்து வந்து அவருக்குச் சீடராகி, சமையற்கட்டையும் ஏற்றுக்கொண்ட பீரான்குட்டி இரண்டு. தொழுகைக்குப் பாங்கு சொல்லும் மோதினார் குத்தூஸ் மூன்று. அவருக்குக் கண்பார்வை இல்லை. நான்காமவர் ஜுனைதி, இந்தோனேசியாக்காரர், வந்து ஒரு மாதம் ஆகவில்லை. வாசலில் கட்டியிருந்த ஆட்டைச் சேர்த்தால் ஐந்து. ஆடு இந்த வழக்கில் வாய் திறக்கவில்லை. ஆகவே நான்கு.

பீரான்குட்டி உஸ்தாதைவிட ஆறு வயது மூத்தவர். அதனால் உஸ்தாது அவரைக் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவார். அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் சீடர் கூச்சத்தில் நெளிவார்.

ஜுனைதி வந்த புதிதில் பீரான்குட்டிக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. காரணம், பேச்சு. கடலில் போகும் கப்பலைக் காட்டினால் ஜுனைதி ‘கபால்’ என்றார். பெட்டியைத் தொட்டால் ‘பெத்தி’. கடைக்குக் ‘கெடாய்’. ஆப்பத்துக்கு ‘ஆபம்’. பாஷைக்கே ‘பஹாசா’.

பீரான்குட்டி உஸ்தாதிடம் ஓடினார்.

“உஸ்தாதே, இது எங்கட மலையாளமாக்கும்! இவங்க பேச்சுக்கு மூலம் மலாய்னு சொல்றாங்க. ‘ஆளம்’ மட்டும் கப்பலைத் தவற விட்டிருக்கு, அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணுதானே?”

“எத்தனை சொல் பார்த்தீங்க, காக்கா?”

“அஞ்சு.”

“அவர் மொத்தம் எத்தனை சொல் பேசினார்?”

பீரான்குட்டி அதை எண்ணவில்லை.

தைக்காவில் காலைப் பசியாறத் தோசைதான். ஆளுக்கு நான்கு, மொத்தம் பதினாறு. ஜுனைதி மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். பீரான்குட்டி தோசைத் திருப்பியோடு குனிந்து, “தோச வேணோ?” என்று கேட்டதும், சூடு பட்டவர்போலக் கையை இழுத்துக்கொள்வார். “சுக்குப், சுக்குப்” என்பார்.

சுக்குதானே, கேட்டால் கொடுத்தால் போச்சு என்று பீரான்குட்டி சுக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்து வைப்பார். ஜுனைதி அதை விழித்துப் பார்ப்பார். பிறகு மரியாதைக்காகக் கண்ணில் நீர் வரக் குடிப்பார். மறுநாளும் அதே ஒரு தோசை, அதே ‘சுக்குப்’.

“ஒரு தோசை தின்கிறவனுக்குச் சுக்கு எதுக்கு?” என்று பீரான்குட்டி மோதினாரிடம் கேட்டார்.

“ராத்திரி தின்னது செரிக்கலையோ என்னவோ, பீரான் காக்கா.”

மோதினார் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பீரான்குட்டிக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

மறுநாள் சுபுஹுத் தொழுகைக்கு முன் தண்ணீர் இறைக்கப் போனவர் கிணற்றடியில் நின்றுவிட்டார். அந்தப் பக்கம் ஜுனைதி முழங்காலிட்டு, கையேந்தி, விம்மி விம்மி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். காதைத் தீட்டிக் கேட்டார். ஐயமே இல்லை. தோச. அதோடு சாயாவும்.

கையிலிருந்த வாளியைக் கிணற்றில் நழுவ விட்டார்.

ஜுனைதி சாப்பிடாமல் மிஞ்சுகிற மூன்று தோசைகளை மூடி வைத்து, மறுநாள் காலையில் ஆட்டுக்குப் போடுவது வழக்கம். ஓடிப் போய் மூடியைத் திறந்து எண்ணினார். மூன்று. அடுத்த நாளும் எண்ணினார். மூன்று. கணக்கு இப்படி இம்மி பிசகாமல் இருந்தது அவருக்குக் கொஞ்சமும் நல்லதாகப் படவில்லை. தின்றுவிட்டு, மாவை எடுத்துப் புதிதாகச் சுட்டு வைக்கிறான். எமகாதகன்.

அன்று படுக்கப் போகுமுன் மாவுப் பானையின் உட்புறம் மாவு நின்ற இடத்தில் கரியால் ஒரு கோடு போட்டார். விடிந்து பார்த்தால், மாவு கோட்டுக்கு மேலே நாலு விரல் ஏறி நின்றது.

“மாவை எடுத்திட்டுத் தண்ணி ஊத்தியிருக்கான்! கொஞ்சம் கூடுதலா ஊத்திட்டான் கள்ளன்!”

முப்பது வருஷம் மாவு அரைத்த மனிதருக்கு, மாவு பொங்கும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அன்று காலை பதினாறும் சுட்டு முடித்தார். பரிமாறவில்லை. உஸ்தாதின் முன்னால் வந்து நின்றார்.

“அவன் இருந்தா ஞான் இல்ல, உஸ்தாதே. ஞான் இருந்தா அவன் இல்ல.”

“யாரைச் சொல்றீங்க?”

“இந்தத் தோசைக் கள்ளனைத்தான்.”

ஜுனைதிக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆனால் நீட்டிய விரலுக்கு எந்த மொழியும் தேவையில்லை. அவர் எழுந்து உள்ளே போய்த் தன் துணி மூட்டையை எடுத்துவந்து வாசற்படியில் வைத்து, அதன் பக்கத்திலேயே தலைகுனிந்து உட்கார்ந்தார். எதற்காக என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“பார்த்தீங்களா? மறுக்கவே இல்லை!” என்றார் பீரான்குட்டி.

“ஜுனைதி எத்தனை தோசை எடுத்தார்?”

“கணக்கிலே ஒண்ணும் குறையலை.”

“குறையலைன்னா?”

“அதுதான் உஸ்தாதே சந்தேகம்!”

மோதினார் வாயைப் பொத்திக்கொண்டார். உஸ்தாது சிரிக்கவில்லை.

“வேறு?”

“காதாலே கேட்டேன். விடியுமுன்னே கிணத்தடியிலே அவன் வாயாலே சொன்னான். எனக்கு அவன் பாஷை பாதி தெரியும்.”

“எந்தப் பாதி, காக்கா?”

பீரான்குட்டிக்குக் கோபம் வந்தது. “எங்கட பாதி!”

“சரி. கேட்டதை ஒரு எழுத்து மாறாமல் சொல்லுங்க.”

பீரான்குட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். கேட்டது எதையும் மறக்காத காது அவருக்கு.

“அம்புனி தோச சாயா.”

வாசற்படியில் இருந்த ஜுனைதி தலை நிமிர்ந்தார். இரு கைகளையும் ஏந்தினார்.

“ஆமீன்” என்றார்.

“கிண்டல் செய்றான் பாருங்க!”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“அம்புனி தோச சாயா!” கூரை அதிரச் சொன்னார்.

“ஆமீன்.” ஜுனைதியின் கன்னத்தில் நீர் வழிந்தது.

“இன்னொரு தடவை.”

மூன்றாவது தடவை பீரான்குட்டியின் குரல் தானாகவே இறங்கிவிட்டது. இறங்கிய குரலில் அந்தச் சொற்கள் வேறு மாதிரி இருந்தன. கிணற்றடியில் கேட்ட மாதிரி.

“ஆமீன்” என்றார் ஜுனைதி. இந்தத் தடவை மோதினாரும் சேர்ந்து சொன்னார், என்னவென்று தெரியாமலே.

“எதுக்கு அழறான், உஸ்தாதே?”

“அவர் ஊரில் சாயா என்றால் தேத்தண்ணி இல்லை, காக்கா. ‘என்னுடைய’ என்று அர்த்தம்.”

“தோச?”

“பாவம்.”

“அம்புனி?”

“மன்னித்தருள்.”

பீரான்குட்டி மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்.

“அப்போ ஞான் மூணு தடவை...”

“கேட்டீங்க. அவர் ஆமீன் சொன்னார்.”

வெளியே ஆடு கத்தியது. அதற்குரிய மூன்று இன்னும் போடப்படவில்லை.

“அந்தச் சுக்கு?”

“‘போதும்’ என்கிற சொல்.”

பீரான்குட்டியின் பார்வை தோசைத் திருப்பிக்குப் போனது.

“அப்போ தினம் காலையிலே கரண்டியோடு போய் அவர்கிட்ட ஞான் என்ன கேட்டேன், உஸ்தாதே?”

‘அவன்’ ‘அவர்’ ஆகியிருந்ததை மோதினார் கவனித்தார். பீரான்குட்டி கவனிக்கவில்லை.

“‘பாவம் வேணுமா’ன்னு கேட்டீங்க. அவர் போதும்னார்” என்றார் உஸ்தாது.

பீரான்குட்டி வாசலுக்குப் போனார். மூட்டையை எடுத்து உள்ளே கொண்டுவந்து, இருந்த இடத்திலேயே வைத்தார். ஜுனைதியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார். உஸ்தாதுக்கு நான்கு, மோதினாருக்கு நான்கு வைத்துவிட்டு, ஜுனைதியின் முன்னால் வந்து நின்றார். எதுவும் கேட்கவில்லை. நான்கையும் தட்டில் வைத்தார்.

ஜுனைதி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு நான்கையும் சாப்பிட்டார்.

பீரான்குட்டி கடைசியில் உட்கார்ந்து ஒன்றைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அதைத் தின்று முடிக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது. உஸ்தாது எழுந்து வந்து, தோசைத் திருப்பியைத் தாமே எடுத்துக்கொண்டு, அவர் எதிரில் குனிந்தார்.

“இன்னும் தோச வேணுமா, காக்கா?”

பீரான்குட்டி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“சுக்குப், உஸ்தாதே.”

மிச்சம் மூன்று.