தரம் குறையாமல் வெட்டிய கல்யாண வீடியோ

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு வீடியோ கடை இருக்கிறது. முதலாளிகள் மூன்று பேர், மூளை ஒன்று. அந்த மூளையும் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. கொம்பையா, அவன் தம்பி ஆவுடையப்பன், இருவருக்கும் மச்சான் இசக்கிராஜ். இன்றைக்கும் என்னைக் கண்டால் மூவரும் கும்பிடுகிறார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

என் மகள் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர்கள் இவர்கள்தான். தாலி கட்டிய கையோடு, என் பெண்டாட்டியின் தம்பி கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாப்பிள்ளைக்கு அம்மாவைப் பாரு, எருமைக்குப் பட்டு கட்டிவிட்டாப்ல இருக்கு" என்று சொல்லித் தொலைத்தான். அது அட்சரம் பிசகாமல் பதிந்துவிட்டது. வாழ்க்கையில் அவன் தெளிவாகப் பேசியது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வீடியோ பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். என் மகள் அந்த அம்மாளோடு ஒரே அடுப்படியில் காலம் தள்ள வேண்டும். கடைக்கு ஓடினேன்.

"அந்தப் பேச்சை வெட்டிருங்கப்பா. ஆனா தரம் ஒரு பொட்டுகூடக் குறையக் கூடாது."

மூவரும் முகத்தை டாக்டர்கள் மாதிரி வைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் விற்றவன் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தானாம். சுருக்கி வைத்த வீடியோவில் எப்போதாவதுதான் ஒரு முழுப்படம் வரும். நடுவில் வருவதெல்லாம், என்ன அசைந்ததோ அது மட்டும். முழுப்படம் வருகிற இடத்தில் வெட்டினால் தரம் அப்படியே இருக்கும். வேறு இடத்தில் வெட்டினால் அந்தத் துண்டைத் திரும்பப் பதிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு தரம் குறையும்.

"தெரியாட்டாத்தான் என்ன, அண்ணாச்சி? குறைஞ்சது குறைஞ்சதுதானே" என்றான் கொம்பையா.

முதலில் தாலிக்கு முன்னால் இருந்த முழுப்படத்தில் வெட்டினார்கள். மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த நொடி என் மகள் கழுத்தில் தாலி தொங்குகிறது. யார் கட்டியது என்பதற்குச் சாட்சி இல்லை.

நான் கத்தியதும் அடுத்த முழுப்படத்தில் வெட்டினார்கள். அது பேச்சுக்கு நடுவில் கிடந்தது. "மாப்பிள்ளைக்கு அம்மாவைப் பாரு, எருமைக்கு" என்பதோடு நின்று, மேளம் தொடங்கியது.

"பாதி போயிட்டுல்லா, அண்ணாச்சி" என்றான் ஆவுடையப்பன்.

"பட்டுதாம்ல போயிருக்கு. எருமை அங்கேயே நிக்கி."

நான் டீ குடிக்க வெளியே போன நேரத்தில் இசக்கிராஜ் கேட்டிருக்கிறான்: "அந்த இடத்துல சத்தத்தை மட்டும் அடைச்சா என்ன, மச்சான்?"

மற்ற இருவரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்களாம். "அண்ணாச்சி வெட்டச் சொன்னாரு. அடைக்கச் சொன்னாரால?"

இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த டீயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வந்து முடிச்சுத் தாறோம்" என்றார்கள். நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு வந்த சம்பந்தியம்மா, முறுக்குத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். மூவரும் கேமரா, லைட்டு, இரண்டு மாலை சகிதம் வந்து இறங்கினார்கள். கொம்பையா நேரே மாப்பிள்ளையிடம் போனான்.

"தாலியைக் கழத்திட்டு இன்னொரு தடவை கட்டிருங்க, மாப்ள. புதுசா எடுத்து ஒட்டிட்டா தரம் குறையாது."

சம்பந்தியம்மா கடித்த முறுக்கைத் தட்டில் வைத்தார்.

"எதுக்குல தாலியைக் கழத்தணும்?"

"உங்களைப் பத்திப் பேசினதை வெட்டினா, கூடவே தாலியும் போயிருதும்மா" என்றான் ஆவுடையப்பன்.

"என்னைப் பத்தி என்ன பேசினாங்க?"

நான் கொம்பையாவின் காலை மிதித்தேன். அவன் புரிந்தது போலத் தலையை ஆட்டினான். பிறகு சம்பந்தியம்மாவை மரியாதையாகக் கும்பிட்டான்.

"அதை நாங்க வாயால சொன்னா தரம் குறைஞ்சிரும்மா. வெட்டாத ஒரிஜினலே கையில இருக்கு."

பென் டிரைவை டிவியில் செருகினான். இசக்கிராஜ் ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.