தும்மலோடு சொன்ன மருந்து

கூராள் என்ற முள்ளம்பன்றிக்கு வேர் என்றால் உயிர். மண்ணை மோந்து பார்த்தே அடியில் என்ன வேர் ஓடுகிறது, அது கசக்குமா இனிக்குமா, யார் வயிற்றுக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று சொல்லிவிடும். மற்ற முள்ளம்பன்றிகள் பசிக்கு வேர் தோண்டும். கூராள் வேர் தோண்ட ஆரம்பித்தால் பசியையே மறந்துவிடும்.

கூராள் இருந்த மருதஞ்சோலையைச் சாதாரணக் காடு என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு பல்கலைக்கழகம். யானையம்மா அதன் துணைவேந்தர். வேந்தர் சிங்கம், அவர் பட்டமளிப்பு விழாவுக்கு மட்டும் வந்து, கொட்டாவி விட்டுவிட்டுப் போவார். அங்கே ஏடும் கிடையாது, எழுத்தும் கிடையாது. மைனாக்கள்தான் புத்தகம். யார் எதைக் கண்டுபிடித்தாலும் மருத மரத்தடிக்கு வந்து சொல்ல வேண்டும். கேட்பவர்கள் குறுக்குக் கேள்வி போட்டுத் துளைத்தெடுப்பார்கள். கிளையில் இருக்கும் மைனா எல்லாவற்றையும் அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். அந்த மைனாக்களைப் பார்த்துக்கொள்வது நூலகர் இருவாச்சிப் பறவையின் வேலை.

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் புகழாசை யாரை விட்டது?

மேற்குச் சரிவில் ஒரு குகை உண்டு. அதற்குள் ஒரு வார்த்தை சொன்னால் ஏழு வார்த்தையாகத் திரும்பி வரும். குகைக்குச் சொந்தக்காரர் கரடியார். அங்கே போய்ச் சொன்னால்தான் அது கண்டுபிடிப்பு என்று ஒரு வழக்கம் எப்படியோ சோலைக்குள் ஊறிவிட்டது. குகையில் சொன்ன பிறகு மரத்தடி மைனாவை யாரும் கேட்பதில்லை. குகையில் சொன்னவருக்குத்தான் பௌர்ணமிச் சபையில் பாறை இருக்கை. மற்றவர்கள் ஈரப் புல்லில் உட்கார வேண்டியதுதான்.

சொல்லப் போகிறவர் முதலில் ஒரு சத்தியம் செய்ய வேண்டும்: "குகைக்குள் சொன்ன சொல்லைக் குகைக்கு வெளியே சொல்லமாட்டேன்." அதன்பிறகு கேட்க வருகிறவர்கள் கரடியாருக்கு ஒரு தேனடை கொடுக்க வேண்டும். அவருடைய குகை மைனாக்கள் அதை ஒருமுறை ஒப்பிக்கும். மறந்துபோனால் இன்னொரு தேனடை.

யோசித்துப் பாருங்கள். தோண்டித் துருவிக் கண்டுபிடித்தது சோலைக்காரர்கள். சரியா தப்பா என்று பார்த்ததும் சோலைக்காரர்கள். தேன் மட்டும் கரடியாருக்கு! இதில் ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. தன் குரலே ஏழு தடவை கணீரென்று திரும்பி வரும்போது, சந்தேகம் எங்கே வரும்?

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. காடெல்லாம் சேறு. சேற்றில் நின்று நின்று மான்களுக்குக் குளம்பு இடுக்கில் புண் வந்தது. கூராள் ஓடியாடி, மண்ணைக் கிளறி, கடைசியில் ஆந்தைக்கண் கொடி என்ற ஒரு கொடியின் வேரில் மருந்தைக் கண்டுபிடித்தது. வேரின் மேல்தோலை உரிக்க வேண்டும். குளத்துத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். மென்று புண்ணில் அப்ப வேண்டும். அவ்வளவுதான்.

அதை மருத மரத்தடியில் சொன்ன அன்று கூராளுக்கு நல்ல ஜலதோஷம். வாக்கியத்துக்கு வாக்கியம் தும்மல். கேட்க வந்திருந்த உடும்பு விடவில்லை. தோலை உரிக்காமல் அப்பினால் என்ன ஆகும் என்று கேட்டது. கூராளுக்குப் பதில் தெரியவில்லை. திரும்பிப் போய், தன் காலிலேயே அப்பிப் பார்த்து, கால் வீங்கியதும் நொண்டிக்கொண்டே வந்து, "தோலோட போட்டா வீங்கும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தும்மல் போட்டது. மஞ்சமூக்கி என்ற மைனா கிளையில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டது.

பிறகு கூராள் குகைக்குப் போனது. கரடியாருக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. இப்படிப் பச்சையாகச் சொன்னால் குகையின் கௌரவம் என்னாவது என்றார். இருவரும் உட்கார்ந்து சொற்களைக் கனமாக்கினார்கள். வேர், 'கீழங்கம்' ஆனது. தோலை உரிப்பது, 'மேலாடை களைவித்தல்' ஆனது. ஊறவைப்பது, 'நீர்வாசம் ஈதல்' ஆனது. கூராள் சத்தியம் செய்துவிட்டுக் கம்பீரமாகச் சொன்னது. குகை ஏழு முறை அதிர்ந்தது. அன்று கூராள் முட்களைச் சிலுப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்த அழகைப் பார்க்க வேண்டுமே!

மறுநாள் காலை மருளி என்ற புள்ளிமான் வாசலில் நின்றது. பக்கத்தில் துள்ளி என்ற அதன் குட்டி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஓடை பெருகிக்கொண்டிருந்தது. வெள்ளம் வருவதற்குள் கூட்டம் ஓடையைத் தாண்டி மேட்டுக்குப் போக வேண்டும். இந்தக் கரையில் புலி நடமாட்டம். தாண்ட முடியாத குட்டி இங்கேயே நிற்க வேண்டியதுதான்.

"அக்கா, குளம்புப் புண்ணுக்கு நீங்க மருந்து கண்டுபிடிச்சிருக்கீங்களாமே. என் பிள்ளைக்குச் சொல்லுங்கக்கா" என்றது மருளி.

கூராள் வாயைத் திறந்தது. சத்தியம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டது.

"கரடியார் குகைக்குப் போ மருளி. அங்க மைனா சொல்லும்."

"தேனடை கேக்குறாங்களே அக்கா. இந்தக் குளம்பை வச்சுக்கிட்டு நான் எந்த மரத்துல ஏறுவேன்?"

கூராள் தரையைப் பார்த்தது. தான் தோண்டிய வேர், தான் வீங்கவைத்துக்கொண்ட கால், தன் வாயில் இருக்கும் வார்த்தை. அதைப் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்ல முடியவில்லை. மருளி கோபப்படவில்லை. தலையாட்டிவிட்டு மெல்லத் திரும்பிப் போனது. அதுதான் கூராளுக்கு இன்னும் வலித்தது.

அன்று மதியம் ஒரு முயல் எங்கோ அரைகுறையாகக் கேட்டதை மருளியிடம் சொன்னது. ஆந்தைக்கண் கொடி வேராம், மென்று அப்பினால் போதுமாம். மருளி நம்பி அப்படியே செய்தது. தோல் உரிக்க வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் துள்ளியின் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

கூராளுக்கு அந்தச் சேதி வந்ததும் அழுகை வந்தது. முள்ளம்பன்றி அழுவது சாதாரண விஷயம் இல்லை. குலுங்கும்போது முட்களெல்லாம் சடசடக்கும். அந்தச் சத்தத்தோடேயே நேரே இருவாச்சியிடம் ஓடியது. சத்தியத்தை மீறிச் சொல்லப் போவதாகவும், பாறை இருக்கைக்கு இனித் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தது.

இருவாச்சி பெரிய அலகைச் சாய்த்துக்கொண்டு கேட்டது. "சத்தியம் என்னன்னு சரியாச் சொல்லு."

"குகைக்குள் சொன்ன சொல்லைக் குகைக்கு வெளியே சொல்லமாட்டேன்."

"சரி. குகைக்குப் போறதுக்கு முன்னாடி மரத்தடியில சொன்னியே, அது யாரோடது?"

கூராளின் முட்கள் சட்டென்று அடங்கின.

"அதை மஞ்சமூக்கி வச்சிருக்கு. உன் சத்தியத்துல அது இல்ல. சத்தியம் பண்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நான் என்ன அலங்காரத்துக்கா இங்க உக்காந்திருக்கேன்?"

ஆனாலும் கூராளுக்குப் பயம் போகவில்லை. மைனா குளக்கரையில் எல்லாருக்கும் இலவசமாகச் சொல்லிவிட்டால் குகையில் சொன்னதற்கு மதிப்புப் போய்விடும். மதிப்புப் போனால் இருக்கையும் போய்விடும். குட்டிக்காக அதற்கும் துணிந்துவிட்டதாகத்தான் சொன்னது. சொல்லிவிட்டுப் பாறை இருக்கை இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பாவம், எத்தனை வருடம் ஈரப் புல்லில் உட்கார்ந்திருக்கிறது!

இருவாச்சி அதை யானையம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனது. யானையம்மா முழுக் கதையையும் காதாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு உடும்பைக் கூப்பிட்டு, மருந்தைச் சரிபார்த்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றது உடும்பு. குகையில் வேறு யாராவது சரிபார்த்தார்களா என்று கேட்டார். அங்கேயும் என்னைத்தான் கூப்பிட்டார்கள், ஒரு வாய் தேன்கூடத் தரவில்லை என்று சலித்துக்கொண்டது உடும்பு.

யானையம்மா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். கீழே கிடந்த சருகெல்லாம் பறந்தது.

"அப்போ குகை நமக்குக் கொடுத்தது வெறும் எதிரொலிதான். எதிரொலிக்கு நானே இத்தனை நாள் பாறையில இடம் போட்டுக் கொடுத்திருக்கேன். தப்பு என்னோடது. கூராள், நீ பயப்படாதே. இனிமே எங்க சொன்னேன்னு கேக்கமாட்டோம். என்ன சொன்னே, யாருக்கு உதவுச்சுன்னுதான் கேப்போம்."

அதோடு விடவில்லை. குளக்கரை அத்திமரத்தை மைனாக்களுக்கென்றே ஒதுக்கினார். அவை அங்கே உட்கார்ந்து கேட்பவர்க்கெல்லாம் சொல்லலாம். சாப்பாட்டுக்குப் பழம் சோலையின் பொறுப்பு. இனி யார் எங்கே சத்தியம் செய்யப் போனாலும் இருவாச்சி கூடவே போய், என்ன சத்தியம் என்று கேட்டுச் சொல்ல வேண்டும். உடும்பின் குறுக்குக் கேள்வி மட்டும் அப்படியே தொடரும். உடும்புக்கு இனி அத்திப்பழம் உண்டு என்றதும் அது வாலை ஒருமுறை தரையில் அடித்துக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் குளக்கரையில் ஒரே கூட்டம். மஞ்சமூக்கி அத்திக்கிளையில் நின்று நெஞ்சை நிமிர்த்தியது.

"ஆந்தைக்கண் கொடி வேரை எடுத்துக்கணும். அச்சூ! மேல்தோலை உரிச்சிடணும். தோலோட போட்டா வீங்கும். அச்சூ! குளத்துத் தண்ணியில ஊறவச்சு, மென்னு அப்பணும். அச்சூ!"

மைனா புத்தகம் அல்லவா? ஒரு தும்மலைக்கூட விடவில்லை.

மான்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டன. வேரைத் தோண்டின, தோலை உரித்தன, ஊறவைத்தன, மென்று அப்பின. அப்பி முடித்ததும், ஒன்றுவிடாமல் எல்லா மான்களும் "அச்சூ" என்று தும்மின. அதுவும் வைத்தியத்தில் ஒரு பாகம் என்று நினைத்துக்கொண்டன. துள்ளி தும்மிய வேகத்தில் பின்பக்கமாக உட்கார்ந்தேவிட்டது. கூராள் சிரிப்பை அடக்க முடியாமல் மண்ணில் உருண்டது.

வீக்கம் வடிந்தது. புண் ஆறியது. வெள்ளம் வருவதற்கு முந்தின நாள் மான் கூட்டம் ஓடையைத் தாண்டியது. கடைசியாகத் துள்ளி கரையில் நின்றது. மருளி அந்தப் பக்கத்திலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. துள்ளி நான்கு காலையும் ஊன்றி, ஒரு தும்மல் போட்டுவிட்டு, ஒரே தாவில் ஓடையைத் தாண்டியது. பெருமழைச் சத்தத்தையும் மீறிக் காடே ஆரவாரம் செய்தது.

இதெல்லாம் கரடியார் காதுக்குப் போகாமல் இருக்குமா? குளக்கரைக்கு வந்து உறுமினார். தன் குகைச் சரக்கைத் திருடிவிட்டதாகச் சத்தம் போட்டார். இருவாச்சி நிதானமாக, குகையின் சொல் ஒன்றுகூட இங்கே சொல்லப்படவில்லை, வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் ஐயா என்றது. கரடியார் கேட்டார். கீழங்கம் இல்லை, நீர்வாசம் இல்லை, வெறும் வேரும் தண்ணீரும் தும்மலும்தான். உறுமலை நிறுத்தினார். ஆனால் போகவும் இல்லை. முன்னங்காலை மெல்லத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"கால்ல என்ன ஐயா?" என்று கேட்டது கூராள்.

"சேத்துப் புண்ணு" என்றார் கரடியார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "என் மைனாங்க தினமும் ஒப்பிக்குது. மேலாடை களையணுமாம். நான் எந்த மேலாடையைக் களையுறது? இந்த மைனாவை இன்னொரு தடவை சொல்லச் சொல்லு. நிதானமா."

யாரும் அவரைக் கேலி செய்யவில்லை; கொஞ்சம் வாயைப் பொத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். மஞ்சமூக்கி நிதானமாகச் சொன்னது. ஒருவரும் அவரிடம் தேனடை கேட்கவில்லை. கரடியார் வேரை உரித்து, ஊறவைத்து, மென்று அப்பிவிட்டு, மலை அதிரத் தும்மினார். அவருடைய குகைகூட அப்படி ஒருநாளும் அதிர்ந்ததில்லை.

அந்தப் பௌர்ணமிச் சபையில் கூராளுக்குப் பாறை இருக்கை கிடைத்தது. அங்கே ஏறியதும் அது சொன்ன முதல் சேதி, தும்மல் மருந்தில் சேராது, அது தன்னுடைய ஜலதோஷம் என்பதுதான். அதையும் மஞ்சமூக்கி மறுநாளே குளக்கரையில் சொன்னது. மான்கள் கேட்டுக்கொண்டு தும்மலை விட்டன. கரடியார் மட்டும் விடவில்லை. தும்மினால்தான் குணமான மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

கண்டறிந்ததைக் குகைக்குள் பூட்டினால் கண்டவருக்கே அது எட்டாமல் போகும், எல்லாரும் வரும் குளக்கரையில் திறந்து வைத்தால் ஊரே பிழைக்கும், அப்படித் திறக்க வருபவரின் பயத்தைப் போக்கிப் பக்கத்தில் நிற்பதே நல்ல கல்விச்சாலைக்கு அழகு.