மணி அடிக்காத பாட்டில்

அரசு மருத்துவமனையின் கிருமி ஆய்வுக்கூடத்துக்குப் புது மெஷின் வந்தது. நோயாளியின் ரத்தம் எடுத்த பாட்டிலை உள்ளே வைத்தால் போதும், கிருமி பெருகினால் அதுவே மணி அடிக்கும். திறப்பு விழாவுக்கு மேளம் வைத்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். வார்டிலிருந்து பாட்டிலைத் தூக்கி வர மட்டும் ஆள் போடவில்லை. கேட்டதற்கு, "அதான் மெஷினே கொடுத்தாச்சே" என்றார்கள்.

ஆய்வுக்கூடத்தின் தலைவி டாக்டர் ஜெசிந்தா. அவரிடம் மேற்படிப்புக்கு வந்தவர் தங்கமாரி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடம் வைத்தியம் பார்த்துவிட்டு வந்த டாக்டர், ஆசிரியையைவிட மூத்தவர்.

ஒருநாள் காலை தங்கமாரி கேட்டார்.

"மேடம், மெஷின் வந்த பிறகும் ஸ்லைடுல தேய்ச்சு மைக்ரோஸ்கோப்புல பார்க்கச் சொல்றீங்களே, எதுக்கு?"

"கையில என்ன ரிப்போர்ட்?"

"பிரசவ வார்டு முனீஸ்வரி. குழந்தை பிறந்ததுல இருந்து காய்ச்சல் விடல. மெஷின் ரெண்டு நாளா வாயே திறக்கல. கிருமி இல்லைன்னு எழுதிட்டேன். மருந்தை நிறுத்தலாமான்னு வார்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

ஜெசிந்தா கையுறை மாட்டினார். மெஷினிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தார். ஊசியால் ஒரு சொட்டு உறிஞ்சி ஸ்லைடில் விட்டார்.

"சாயம் ஏத்துங்க, சார்."

சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் குனிந்த தங்கமாரி வெகுநேரம் நிமிரவில்லை. இளஞ்சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள். பார்த்த இடமெல்லாம் குச்சிகள்.

"ஐயோ, மேடம்."

"ஐயோவை அப்புறம் சொல்லிக்கலாம். வார்டுக்குப் போன் பண்ணுங்க. மருந்தை நிறுத்தக் கூடாது, மாத்தணும்னு சொல்லுங்க. அப்படியே, ரத்தம் எடுத்த அன்னைக்கு ராத்திரி பாட்டில் எங்க இருந்துச்சுன்னும் கேளுங்க."

தங்கமாரி பேசிவிட்டுக் கோபமாக வந்தார்.

"தூக்க ஆள் இல்லையாம். ஃப்ரிட்ஜில வைக்கக் கூடாதுன்னு நர்ஸுக்குத் தெரிஞ்சிருக்கு. அதனால பச்சைக் குழந்தைங்களைக் கதகதப்பா வைக்கிற வார்மர் பக்கத்துல வச்சிட்டாங்க. விடிஞ்சுதான் இங்க வந்திருக்கு. அதுக்காக மெஷின் இப்படிப் பொய் சொல்லுமா? இதுக்கா மேளம் அடிச்சாங்க? தூக்கி வாசல்ல போடுங்க!"

"அது பொய் சொல்லல, சார். கிருமி புதுசா பெருகினாத்தான் அது மணி அடிக்கும். இது வார்மர் சூட்டுல ராத்திரியே பெருகி முடிச்சிருச்சு. மெஷின் பார்க்க ஆரம்பிச்ச பிறகு உள்ள எதுவும் நடக்கல. அதைத்தான் அது சொல்லுச்சு."

தங்கமாரி தன் ரிப்போர்ட்டைக் கிழித்தார்.

மறுநாள் மாலை, முனீஸ்வரிக்குக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியதாகத் தகவல் வந்தது. அப்போது ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் கூடையுடன் பிரசவ வார்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். தங்கமாரி பின்னால் ஓடினார்.

"மேடம், தலைவி நீங்க போய்ப் பாட்டில் தூக்குறதா? பார்க்கிறவங்க சிரிப்பாங்க. ஆள் கேட்டு மேலிடத்துக்கு எழுதுவோம்."

"எழுதியாச்சு. நாளைக்கும் எழுதுவேன். கொடுக்கிற வரைக்கும் எழுதுவேன்."

"அதுவரைக்கும்?"

ஜெசிந்தா கூடையின் ஒரு பிடியை அவர் பக்கம் நீட்டினார்.

"மணி அடிக்கட்டும்னு உட்கார்ந்திருந்தா, அந்தப் பாட்டில் மாதிரி, கத்திக் கத்தி ஓய்ஞ்சவங்ககிட்டதான் போய்ச் சேருவோம். பிடிங்க, சார்."