நடுவே விட்ட தோணி

கேளுங்கள். சொல்லி முடித்ததும் உங்களை ஒரு கேள்வி கேட்பேன்.

உப்பு ஏற்றி வந்த பாய்த்தோணி ஒன்று புயலில் மாட்டிக்கொண்டது. கரை தெரிகிறது. ஆனால் துறையின் வாசலில், தண்ணீருக்கடியில் ஒரு பாறை. எங்கு பார்த்தாலும் நுரை பொங்கியதால், அது கிடக்கும் இடம் கண்ணில் படவில்லை. தோணியின் தலைவனைத் தண்டல் என்பார்கள். கஸ்பார் தண்டலாகி வந்த முதல் பயணம் அது. ஏழெட்டு உயிர் அவன் பொறுப்பு. சுக்கானை அவனே பிடித்திருந்தான்.

தோணியில் பழைய தண்டல்கள் இருவர் இருந்தார்கள். கஸ்பாரின் மாமனார் சூசையும் சித்தப்பா லாசரும். இருவரும் அந்த வாசலில் காலமெல்லாம் போய்வந்தவர்கள்.

"பாறைய இடக்கைப் பக்கம் விட்டு வடக்க போங்க, மாப்ள" என்றார் சூசை.

"வலக்கைப் பக்கம் விட்டுத் தெக்க போடா" என்றார் லாசர்.

சொல்லிவிட்டு, இருவரும் பாய்க்கயிற்றைப் பிடிக்க முன்னால் ஓடிவிட்டார்கள்.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம். மீன்பங்கோ வேலித்தகராறோ, பெரியவர்கள் இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் நடுவே முடித்துவிடுவார்கள்; யார் மனமும் கோணாது. கஸ்பாரும் மாமனார் முகம் வாடக்கூடாது, சித்தப்பா முகமும் வாடக்கூடாது என்று, இரண்டு வழிக்கும் நடுவே தோணியை விட்டான்.

பக்கத்தில் சமையல்காரன் தியோகு. கடல்வழி ஒன்றும் அறியாதவன். தோணி போகும் திசையைப் பார்த்ததும் பயத்தில் அழுதுகொண்டே பாய்ந்து, தண்டலைத் தள்ளிவிட்டுத் தோணியை வடக்கே திருப்பினான். தண்டல் மேல் கை வைப்பது கடலில் பெருங்குற்றம்.

சூசை, லாசர், கஸ்பார், தியோகு. இதில் யார் செய்தது சரி? நீங்களே சொல்லுங்கள்.

விடை: பெரியவர்கள் இருவரும் சொன்னது சரி. எந்தப் பக்கம் போயிருந்தாலும் பிழைத்திருப்பார்கள். வழியில்தான் வேறுபட்டார்களே தவிர, நடுவே பாறை இருக்கிறது என்பதில் இருவருக்கும் ஒரே பேச்சு. கஸ்பார் அந்த ஒன்றை மட்டும் காதில் வாங்காமல் விட்டான். அதைக் காதில் வாங்கியவன் தியோகு, ஆகவே அவன் செய்ததே சரி. கரையேறியபின், ஏன் வடக்கே திருப்பினாய் என்று கஸ்பார் கேட்டான். "பயத்துல அந்தப் பக்கம்தான் கை இழுத்துச்சு, தண்டல். நடுவுல பாறைன்னு மட்டும்தான் தெரிஞ்சுச்சு" என்றான் தியோகு. தன்னைத் தள்ளிவிட்ட அந்தக் கையைக் கஸ்பார் பிடித்துக்கொண்டான்.